எலெக்ட்ரிக் டைப்ரைட்டர்: பந்தா, டைப் பாரா?

எலெக்ட்ரிக் என்று சொல்லி விற்கப்படும் பழைய டைப்ரைட்டர்களில் நிறைய உண்மையில் எலெக்ட்ரானிக். ஸ்விட்சைப் போட்டாலே வித்தியாசம் தெரிந்துவிடும். மோட்டார் ஓடத் தொடங்கி, நீங்கள் சும்மா இருந்தாலும் மெல்ல முனகிக்கொண்டே இருந்தால் அது எலெக்ட்ரிக். ஒரு தடவை தலையை அசைத்துவிட்டு மௌனமாகிவிட்டால் அது எலெக்ட்ரானிக், 1978இல் வந்த ஒலிவெட்டி ஈடி 101இன் வாரிசு. உள்ளே சர்க்யூட் போர்டும், எழுத்துகள் பூவிதழ் போல விரிந்திருக்கும் டெய்சி வீல் என்ற சக்கரமும் இருக்கும். அவையும் நன்றாகவே அடிக்கும். ஆனால் போர்டு போனால் கதை முடிந்தது. இங்கே பேசப்போவது மோட்டார், பெல்ட், நெம்புகோல் மட்டுமே உள்ள மெஷின்களைப் பற்றி.

இவற்றில் இரண்டு குடும்பங்கள் உண்டு. ஒன்று டைப் பார் வகை. நம் ஊர் இன்ஸ்டிடியூட்டுகளில் இருக்கும் ரெமிங்டன், கோத்ரெஜ் போலவே எழுத்துக்கு ஒரு கம்பி, காகிதத்தைத் தாங்கி நகரும் கேரேஜ். ஒரே வித்தியாசம், அடிக்கும் வலு விரலிலிருந்து வருவதில்லை. கீயை லேசாகத் தொட்டதும் ஒரு கொக்கி, ஓயாமல் சுழலும் உருளையில் போய்ப் படும். உருளை அதைப் பிடித்து இழுத்து டைப் பாரை வீசும். சுண்டு விரலால் தொட்டாலும் நடு விரலால் தொட்டாலும் ஒரே கருமை. இதுதான் இந்த வகையின் சுகம்.

இன்னொன்று 1961 ஜூலை 31 அன்று ஐபிஎம் அறிமுகப்படுத்திய செலக்ட்ரிக். உடலை வடிவமைத்தவர் எலியட் நோய்ஸ். இதில் கேரேஜ் நகராது. கோல்ஃப் பந்து அளவில் ஓர் எழுத்து உருண்டை காகிதத்தின் குறுக்கே ஓடும். 44 கீ, 88 எழுத்து. பந்தில் நான்கு அடுக்குகள், அடுக்குக்கு 22 எழுத்துகள். ஒரு பாதியில் சின்ன எழுத்து, மறு பாதியில் கேபிடல். ஷிப்ட் அழுத்தினால் பந்து அரை வட்டம் திரும்பும். எந்த எழுத்து என்பதைத் தீர்மானிப்பது இரண்டே அசைவுகள்: எவ்வளவு சாய வேண்டும், எவ்வளவு சுழல வேண்டும். அந்தக் கணக்கை உள்ளே சில நெம்புகோல்களே கூட்டிக் கழித்துப் போட்டுவிடுகின்றன. மாஸ்கோவிலிருந்த அமெரிக்கத் தூதரகத்திலும் லெனின்கிராட் துணைத் தூதரகத்திலும் சோவியத் உளவாளிகள் கைவைத்ததும் இங்கேதான். அந்தத் தண்டுகளின் அசைவைப் படிக்கும் கருவிகள் 16 செலக்ட்ரிக்குகளுக்குள் ஒளிந்திருந்தது 1984இல் அம்பலமானது.

பந்து முறையில் இரண்டு டைப் பார்கள் சிக்கிக்கொள்ளும் தொல்லைக்கே இடமில்லை. இரண்டு கீயைக் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் தட்டினாலும் இரண்டாவதைப் பிடித்துவைத்து அடுத்த சுற்றில் அடிக்கும். வேகமாக டைப் செய்கிறவர்கள் செலக்ட்ரிக்கை விடாமல் பிடித்துக்கொண்டிருக்க முதல் காரணம் இதுதான்.

எதை வாங்குவது என்ற கேள்விக்கு எங்கள் பதில் நேரானது. அடிக்கும் சுகம்தான் முக்கியம், ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கவும் தயார் என்றால் செலக்ட்ரிக். பிரித்து மேயப் பொறுமை இல்லை, ரிப்பன் உள்ளூரிலேயே கிடைக்க வேண்டும் என்றால் 1957 முதல் வந்த ஸ்மித்-கரோனா எலெக்ட்ரிக் போர்ட்டபிள். சாதாரண அரை அங்குல ரிப்பனை அதன் சொந்த ஸ்பூலில் சுற்றிக்கொண்டால் போதும். 1973க்குப் பிறகு வந்த கரோனாமேட்டிக் வகையில் ஸ்பூல் கிடையாது, பக்கவாட்டில் செருகும் கேட்ரிட்ஜ். மாற்றுவது சுலபம், தேடிப் பிடிப்பதுதான் பாடு. கேட்ரிட்ஜ் எங்கே, எப்போது கிடைக்கும் என்று காத்திருக்க வேண்டாம் என்றால் ஸ்பூல் உள்ள மாடலே மேல். எத்தோரே சோட்சாஸும் ஹான்ஸ் ஃபோன் க்ளியரும் வடிவமைத்த ஒலிவெட்டி பிராக்சிஸ் 48 மேஜைக்கே அழகு. ஆனால் உதிரிபாகம் தேட ஆள் பலம் வேண்டும். ஐபிஎம் எக்ஸிகியூட்டிவ் தனி ரகம். எழுத்துக்குத் தக்க இடம் விடும், அச்சுப் புத்தகம் போலத் தெரியும். ஆனால் ஓர் எழுத்தைத் திருத்த வேண்டுமானால் அது எத்தனை அலகு என்று எண்ணிப் பின்வாங்க வேண்டும். முதல் மெஷினாக அதை வாங்க வேண்டாம்.

செலக்ட்ரிக்கிலேயே எது? முதல் மாடல் உறுதி, ஆனால் அழிக்கும் வசதி இல்லை. 1971இல் வந்த இரண்டாம் மாடலில் அங்குலத்துக்கு 10 எழுத்து, 12 எழுத்து என இரண்டு இடைவெளியும் மாற்றிக்கொள்ளும் வசதி உள்ள மெஷின்கள் கிடைக்கும். 1973இல் வந்த கரெக்டிங் செலக்ட்ரிக் இரண்டில் அழிக்கும் கீயும் உண்டு. நாங்கள் பரிந்துரைப்பது இதையே. 1980இன் மூன்றாம் மாடலுக்கு 96 எழுத்துப் பந்து; முந்தைய இரண்டோடும் அது ஒத்துவராது. பந்து தனியாக வாங்கும்போது இதைக் கேட்டு வாங்குங்கள். செலக்ட்ரிக் கம்போசர் என்ற அச்சுக்கோப்பு மெஷினின் பந்தும் பார்க்க இதே மாதிரி இருக்கும். அதுவும் ஆகாது.

கரண்ட் விஷயம்

அமெரிக்காவிலிருந்து வந்த மெஷினை நேரே நம் 230 வோல்ட் பிளக்கில் செருகினால் மோட்டார் கருகும். முதலில் பின்புறத் தகட்டைப் படியுங்கள். 115 அல்லது 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்றிருந்தால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். தகட்டில் உள்ள ஆம்பியரை வோல்ட்டால் பெருக்கி, வருவதைப் போல் இரு மடங்கு விஏ (வோல்ட்-ஆம்பியர்) உள்ளதாக வாங்குங்கள். மோட்டார் கிளம்பும்போது அதிகம் இழுக்கும். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைக் குறைக்குமே தவிர ஹெர்ட்ஸை மாற்றாது. 60 ஹெர்ட்ஸ் மோட்டார் நம் 50இல் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும், அதே வோல்ட்டில் கூடுதலாகச் சூடும் ஆகும். அதனால் 120 தருவதைவிட 100 வோல்ட் தரும் டிரான்ஸ்ஃபார்மர் நல்லது. வேகம் குறைவது கவலையில்லை: செலக்ட்ரிக் நொடிக்குச் சுமார் 15 எழுத்து அடிக்கக்கூடியது, அது 12 அல்லது 13 ஆகும், நிமிடத்துக்கு 80 வார்த்தை அடிப்பவருக்கே நொடிக்கு ஏழு எழுத்துக்கு மேல் தேவைப்படாது. 50 ஹெர்ட்ஸ் நாடுகளுக்கென்று செய்த மெஷினில் மோட்டார் புல்லியின் அளவே வேறு என்பதால் இந்தப் பிரச்சினை எழாது. வயரின் ரப்பர் வெடித்திருந்தால் மாற்றாமல் ஆன் செய்யாதீர்கள். உடல் உலோகம், எர்த் கட்டாயம்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

காகிதம் கையோடு கொண்டுபோங்கள். ஆன் செய்யுமுன் பிளக்கைக் கழற்றி, மூடியைத் திறந்து பாருங்கள். தூசி பரவாயில்லை. தேன் நிறத்தில் கெட்டியாகிப் போன கிரீஸும் பென்சில் ரப்பர் துகளும் இருந்தால் முழு சுத்தம் தேவைப்படும், விலையைக் குறைத்துக் கேளுங்கள். காகித உருளையில் நகத்தை அழுத்துங்கள். கொஞ்சமாவது பதிய வேண்டும். கல்லாகியிருந்தால் காகிதம் வழுக்கும், சத்தமும் கூடும்.

பிறகு ஆன் செய்து, எல்லா எழுத்தும் வரும் 'தி க்விக் பிரௌன் ஃபாக்ஸ்' வரியைச் சின்ன எழுத்திலும் கேபிடலிலும் அடியுங்கள். அடுத்து, கேபிடல் ஹெச்சையும் சின்ன ஹெச்சையும் மாற்றி மாற்றி ஒரு வரி முழுக்க. செலக்ட்ரிக்கில் இந்த ஒரு வரி நிறைய சொல்லும். கேபிடல் மட்டும் பக்கவாட்டில் வெட்டுப்பட்டால் ஷிப்ட் பகுதியில் கிரீஸ் இறுகியிருக்கிறது. எழுத்தின் தலையோ காலோ வெட்டுப்பட்டால் சாய்க்கும் பகுதியில் கோளாறு. ஒரு கீக்குப் பதில் அதே அடுக்கின் பக்கத்து எழுத்து விழுந்தால் சுழற்றும் பகுதியில். குறிப்பிட்ட சில எழுத்துகள் மட்டும் கோணலாக விழுந்தால் பந்தின் அடி விளிம்பில் பல் உடைந்திருக்கலாம். வேறு பந்து போட்டால் சரியாகிவிடும்.

எழுத்துகள் கண்டபடி விழுந்து, பந்து கையில் லொடலொடவென்று சுற்றினால் அதைத் திருப்பும் மெல்லிய எஃகு டேப் அறுந்திருக்கிறது. மாற்ற முடியும், ஆனால் புதியவருக்கு ஒரு நாள் வேலை. ரிட்டர்ன் அழுத்தியும் பந்து இடது மார்ஜினுக்கு வராவிட்டால் உள்ளே இழுக்கும் கயிற்றைப் பாருங்கள். மோட்டாரும் பெல்ட்டும் ஓடுகின்றன, எந்தக் கீக்கும் அசைவில்லை என்றால், குறிப்பாக இரண்டாம், மூன்றாம் மாடல்களில், பெல்ட் சுற்றும் புல்லியின் பிளாஸ்டிக் மையம் வெடித்திருக்க வாய்ப்பு அதிகம். இது பெயர்போன நோய். மாற்றுப் பாகம் செய்து விற்கிறார்கள், ஆனால் ஷாஃப்டைக் கழற்றித்தான் போட வேண்டும்.

டைப் பார் மெஷினில் பார்க்க வேண்டியது குறைவு. எல்லா எழுத்தும் ஒரே கருமையாக இருக்கிறதா, அடித்த பார் உடனே திரும்பி விழுகிறதா என்று பாருங்கள். மங்கலும் விட்டுப்போதலும் எல்லா எழுத்திலும் வந்தால் பெல்ட் தளர்ந்திருக்கும், அல்லது பாரை வீசும் சுழல் உருளையின் ரப்பர் தேய்ந்திருக்கும்.

சுத்தம், எண்ணெய்

வருடக்கணக்கில் தூங்கிய மெஷினின் நோய் பெரும்பாலும் ஒன்றுதான்: காய்ந்த எண்ணெய். எல்லாம் பிளக்கைக் கழற்றிவிட்டு. முதலில் மென்மையான பிரஷ், வேக்குவம் கிளீனர். பிறகு டர்பன்டைனைச் சின்ன பிரஷில் தொட்டு, இறுகிய இடத்தில் மட்டும் தடவி, அந்தப் பாகத்தைக் கையால் அசைத்து அசைத்து இளக்குங்கள். உருளை, பெல்ட், பிளாஸ்டிக், மோட்டார் ஆகியவற்றில் படக்கூடாது. ஜன்னலைத் திறந்து வையுங்கள். முழுதாக உலர்ந்து வாடை போகும்வரை ஆன் செய்யாதீர்கள். மோட்டார் ஸ்விட்சின் ஒரு பொறி போதும். செலக்ட்ரிக் நடுச் சுற்றில் சிக்கி நின்றிருந்தால் பந்தைப் பிடித்துத் திருகாதீர்கள், அந்த எஃகு டேப் அறுவது பெரும்பாலும் அப்படித்தான். பெல்ட்டை விரலால் உருட்டிச் சுற்றை முடிக்க வையுங்கள்.

உலர்ந்தபின் சுழலும் இடங்களில் தையல் மெஷின் எண்ணெய் ஊசி முனையால் ஒரு துளி. உரசும் கேம், பற்சக்கரங்களில் மெல்லிய கிரீஸ் பூச்சு. டபிள்யூடி-40ஐ உள்ளே பீய்ச்ச வேண்டாம். அன்றைக்கு ஓடும், பிறகு தூசியோடு சேர்ந்து பசையாகும். டைப் பார்கள் உட்காரும் பள்ளங்களுக்கு எண்ணெயே கூடாது, சுத்தம் மட்டும் போதும்.

அடிக்கும் கை

இன்ஸ்டிடியூட்டில் மேனுவல் மெஷினில் பழகி லோயர், ஹையர் பாஸ் செய்த கைக்கு முதல் ஒரு வாரம் எரிச்சலாக இருக்கும். ஓங்கி அடிக்கும் பழக்கத்தால் விரல் கீயிலேயே தங்கிவிடும், பக்கத்துக் கீயும் தட்டுப்படும். மணிக்கட்டைத் தளர்த்தி, தொட்டதும் எடுக்கப் பழகுங்கள். கீ விழும் அந்தச் சின்ன 'டிக்' உணர்ந்ததுமே வேலை முடிந்தது, அதற்கு மேல் அழுத்துவது வீண். செலக்ட்ரிக்கில் ஸ்பேஸ் பார், பேக்ஸ்பேஸ், ஹைபன், ரிட்டர்ன் ஆகியவற்றை ஆழமாக அழுத்திப் பிடித்தால் திரும்பத் திரும்ப ஓடும். அடிக்கோடு போட இதுதான் வழி.

பந்து மாற்றும்போது ஷிப்ட் லாக்கை எடுத்து, மோட்டாரை நிறுத்தி, மேலே உள்ள நெம்பைத் தூக்கி நேராக மேலே எடுங்கள். புதியதன் அம்புக்குறி காகித உருளையைப் பார்க்க வேண்டும். கருமைக்கு, பந்தோடு ஓடும் வண்டியில் 1 முதல் 5 வரை எண்ணிட்ட நெம்பு உண்டு. 3இல் தொடங்குங்கள். காகிதத்தில் முற்றுப்புள்ளி ஓட்டை போட்டால் ஒரு படி குறையுங்கள். கார்பன் வைத்து நாலு பிரதி எடுக்கும்போது மட்டும் உருளையைப் பின்னுக்குத் தள்ளும் நெம்பைத் தொடுங்கள்.

பிழை திருத்த, பிழைக்கு அடுத்த இடத்தில் நின்று திருத்தும் கீயை அழுத்துங்கள். ஓரெழுத்து பின்வாங்கி நிற்கும். அதே தவறான எழுத்தை மறுபடி அடித்தால் ஒட்டும் டேப் மையை உரித்து எடுத்துவிடும். இதற்குத் திருத்தக்கூடிய ஃபிலிம் ரிப்பனும் அதற்கேற்ற டேப்பும் ஜோடியாக வேண்டும். துணி ரிப்பன் மை காகிதத்துக்குள் இறங்கிவிடும், உரிக்க வராது. ஃபிலிம் ரிப்பன் ஒரு தடவைக்குத்தான், அடித்த ஒவ்வொரு எழுத்தும் அதில் தெளிவாகப் படிக்கக் கிடைக்கும். வங்கிக் கடிதம் அடித்திருந்தால் கிழித்துப் போடுங்கள்.

சத்தம் அக்கம்பக்கத்தைத் தொந்தரவு செய்தால் அடியில் தடிமனான ஃபெல்ட் விரிப்பும், காகிதத்துக்குப் பின்னால் இன்னொரு வெற்றுத் தாளும் வையுங்கள். அந்தத் தாள் உருளையையும் காக்கும். டைப் பார் மெஷினுக்கு இரு பக்கமும் ஓரடி காலியிடம் விடுங்கள், கேரேஜ் தானாகத் திரும்பும்போது காபி டம்ளரைத் தட்டிவிடும். மாதத்துக்கு ஒரு முறையாவது பத்து நிமிடம் ஓட்டி நாலு வரி அடித்தால் எண்ணெய் இறுகாது. வேறிடத்துக்கு எடுத்துச் செல்வதானால் இரண்டு மார்ஜினையும் நடுவில் நெருக்கி வண்டியை அங்கே நிறுத்துங்கள், பந்தைக் கழற்றித் தனியே சுற்றி வையுங்கள். செலக்ட்ரிக் 15 கிலோவுக்கு மேல் கனக்கும். கீபோர்டு உங்கள் வயிற்றுப் பக்கம் வரும்படி அடியில் கைகொடுத்துத் தூக்குங்கள், மூடியைப் பிடித்துத் தூக்கினால் மூடி மட்டும்தான் கையில் வரும்.