நியூட்ரான் சன்னல்: மெல்லிய அலுமினியத் தாளில் எவ்வளவு கடக்கும்?

வெற்றிடக் குழாயின் வாயை மூடிக்கொண்டே நியூட்ரானைக் கடக்கவிடும் மெல்லிய தாள்தான் நியூட்ரான் சன்னல். நெல்லை, பாளையங்கோட்டைப் பக்கம் நியூட்ரான் மூலத்தை வைத்து எம்.எஸ்சி. புராஜெக்ட் செய்பவர்கள் ஒன்றை முதலில் கவனியுங்கள். அட்டவணையில் அலுமினியத்துக்குப் போட்டிருக்கும் 0.231 பார்ன் (1 பார்ன் = 10⁻²⁴ ச.செ.மீ.) உட்கவர் குறுக்குப்பரப்பு, அதாவது ஓர் அணு நியூட்ரானை விழுங்கும் வாய்ப்பின் அளவு, 2200 மீ/வி வேக வெப்ப நியூட்ரானுக்கு மட்டுமே. வேகம் பாதியானால் அது இரட்டிப்பாகும்.

தடிமனை ஸ்க்ரூ கேஜில் அளக்க வேண்டாம். மெல்லிய தாளில் பிழை அதிகம். 10 செ.மீ. சதுரமாக வெட்டி எடை போடுங்கள். 0.01 கிராம் காட்டும் நகைக்கடைத் தராசே போதும். 2.70 கிராம் இருந்தால் தடிமன் 0.1 மி.மீ.; சதுர செ.மீ.க்கு 6.03 × 10²⁰ அணுக்கள். 2200 மீ/வி-யில் உட்கவர் இழப்பு வெறும் 0.014 சதவீதம்.

5 மீ/வி-யில் மிக மெதுவாக நகரும் மீக்குளிர் நியூட்ரானுக்குக் கதையே வேறு. அலுமினியம் 54 நானோ எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் தடுப்பாக நிற்பதால், உள்ளே நுழைந்ததும் வேகம் 3.83 மீ/வி-க்கு இறங்கிவிடும். கணக்கில் போட வேண்டியது இந்த உள்வேகத்தைத்தான். இழப்பு 7.7 சதவீதம். வெளிவேகத்தைப் போட்டால் 6 சதவீதம் என்று தப்பாக வரும். செங்குத்தாக 3.2 மீ/வி-க்குக் கீழே வருபவை நுழையாமலே திரும்பிவிடும். மூலத்திலிருந்து 53 செ.மீ.க்கும் அதிகமாகக் கீழே சன்னலை வையுங்கள். நேர்கீழே விழும்போது புவியீர்ப்பே தேவையான ஆற்றலைக் கொடுத்துவிடும். மிக அழகான ஏற்பாடு இது.

சிதறலைப் பொறுத்தவரை, நியூட்ரானின் அலைநீளம் 4.7 ஆங்ஸ்ட்ராமுக்கு மேல் போனால் அலுமினியத்தில் பிராக் சிதறல் (படிக அணு அடுக்குகளில் பட்டுத் திரும்புவது) கிடையாது. அங்கே அட்டவணையின் 1.5 பார்ன் சிதறல் குறுக்குப்பரப்பைச் சேர்த்தால் இழப்பு மிகையாகிவிடும்.

அதிகம் கெடுப்பது அழுக்கு. விரல் எண்ணெயிலும் ஈரத்திலும் உள்ள ஹைட்ரஜன் மீக்குளிர் நியூட்ரானைச் சூடேற்றித் தொலைத்துவிடும். கையுறை போட்டு, அசிட்டோனில் கழுவி, வெற்றிடத்தில் சூடாக்குங்கள். சாரல் மாதங்களில் சிலிக்கா ஜெல்லோடு மூடி வையுங்கள்.

10 செ.மீ. விட்டச் சன்னலில் வளிமண்டலம் சுமார் 80 கிலோ பாரம் ஏற்றும். தாங்கு கம்பிவலை கொடுங்கள். அது மறைக்கும் பரப்பையும் கழியுங்கள்.

கூடங்குளம் மின்சாரத்துக்கான உலை. அங்கே சோதனைக் கற்றை கிடைக்காது. கல்பாக்கத்துக் காமினி, டிராம்பே துருவா போன்ற ஆய்வு உலைகளுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். அளக்கும்போது 0.5 மி.மீ. காட்மியத்தைக் கற்றையில் வைத்தும் ஒரு எண்ணிக்கை எடுங்கள். வெப்ப நியூட்ரானில் அது சுமார் 0.3 சதவீதமே விடும்; ஆகவே அப்போது வருவது பெரும்பாலும் பின்னணி எண்ணிக்கைதான். அந்த எண்ணிக்கையைக் கழித்த பிறகே தாளின் ஊடுருவலைக் கணக்கிடுங்கள்.