ப்ருக்னரின் இ மைனர் திருப்பலி இசை: நல்ல ஒலிப்பதிவைத் தேர்ந்தெடுக்கும் முறை

19ஆம் நூற்றாண்டின் ஆஸ்திரிய இசையமைப்பாளர் அன்டன் ப்ருக்னரின் பெயரைக் கேட்டதும் பெரும்பாலான மேற்கத்திய செவ்வியல் இசை ரசிகர்களுக்கு நினைவு வருபவை அவருடைய நீண்ட சிம்பொனிகளே. கத்தோலிக்க வழிபாடான திருப்பலியின் சொற்களுக்கு அவர் எழுதிய இசைகளில், எஃப் மைனர் என்னும் சுர அமைப்பில் உள்ள மூன்றாவது ஓரளவு மேடையேறுகிறது. இ மைனரில் அமைந்த இரண்டாவதோ அரிதாகவே ஒலிக்கிறது. அதற்கு நடைமுறைக் காரணம் உண்டு. இதற்கு வயலின் முதலான தந்திக் கருவிகள் தேவையில்லை, தனிப்பாடகர்களும் தேவையில்லை, ஆனால் எட்டுக் குரல்வரிசைகளாகப் பிரிந்து நிற்கக்கூடிய தேர்ந்த பாடகர் குழு ஒன்றும், 15 காற்றிசைக் கலைஞர்களும் வேண்டும். முழு ஆர்க்கெஸ்ட்ராவை வைத்திருக்கும் அமைப்புக்கு அதன் பாதிப் பேரைச் சும்மா உட்கார வைக்கும் படைப்பு இது. பாடகர் குழு மட்டும் வைத்திருப்பவர்களுக்கோ வெளியிலிருந்து கலைஞர்களை அழைக்கும் செலவு. ஆகையால் இதை அறிந்துகொள்ள விரும்புபவருக்கு ஒலிப்பதிவுகளே முதன்மையான வழி. பதிவுகளுக்கிடையே உள்ள வேறுபாடும் பெரிது என்பதால், எதைக் கொண்டு தேர்வு செய்வது என்பதை முன்னரே தெளிவாக்கிக்கொள்வது நல்லது.

முதலில் இந்த இசை எந்த இடத்துக்காக எழுதப்பட்டது என்பதை அறிய வேண்டும். ப்ருக்னர் 1866ஆம் ஆண்டு, ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரப் பேராலயத்தில் ஆர்கன் கலைஞராக இருந்தபோது, ஆயர் ஃபிரான்ஸ் யோசஃப் ருடிகியரின் வேண்டுகோளின்படி இதை எழுதினார். அந்நகரில் அப்போது புதிய பேராலயம் ஒன்று கட்டப்பட்டுவந்தது. அதன் நேர்ச்சைச் சிற்றாலயத்தின் அர்ச்சிப்பு விழாவுக்கு உரியது இவ்விசை. 1869 செப்டம்பர் 29 அன்று, முடிவுபெறாத கட்டடத்தின் அருகே திறந்தவெளியில், லின்ஸ் நகரப் பாடகர் சங்கங்களும் இராணுவ இசைக்குழுவினரும் சேர்ந்து ப்ருக்னரின் தலைமையில் முதன்முறையாக இதை இசைத்தார்கள். இரண்டு ஓபோ, இரண்டு கிளாரினெட், இரண்டு பாஸூன், நான்கு ஹார்ன், இரண்டு டிரம்பெட், மூன்று டிராம்போன் என்னும் அமைப்பு வெட்டவெளியிலும் கேட்கக்கூடிய ஓசையைத் தருவது. அதே வேளையில் குரல்வரிசைகளின் எழுத்து, 16ஆம் நூற்றாண்டின் இத்தாலிய இசையமைப்பாளர் பாலெஸ்ட்ரினாவின் மரபை, அதாவது எதிரொலிக்கும் கல் ஆலயத்துக்குள் துணைக்கருவி இன்றிப் பாடும் மரபை, ஒட்டி நிற்கிறது. திறந்தவெளிக் கருவிகளும் ஆலயக் குரல்களும் ஒரே படைப்பில் சந்திக்கும் இந்த முரணை ஒலிப்பதிவுக் குழு எவ்வாறு கையாண்டிருக்கிறது என்பதே, என் கருத்தில், இசைக்குழுவை வழிநடத்தும் நடத்துநரின் புகழைவிட முக்கியமான அளவுகோல்.

தேடும்போது குழப்பம் வர வாய்ப்புண்டு. இணையச் செயலிகளில் ப்ருக்னரின் பெயரோடு மாஸ் என்று மட்டும் இட்டால் டி மைனர், இ மைனர், எஃப் மைனர் மூன்றும் கலந்து வரும். ப்ருக்னர் படைப்புப் பட்டியலில் இதற்குரிய எண் டபிள்யூ.ஏ.பி. 27, அதைச் சேர்த்துத் தேடுவதே பாதுகாப்பானது. ப்ருக்னர் இதை 1882இல் திருத்தியமைத்தார். பெரும்பாலான பதிவுகள் இந்தத் திருத்திய வடிவத்தையே பின்பற்றுகின்றன. 1866ஆம் ஆண்டின் மூல வடிவம் என்று உறையில் அச்சிட்டிருந்தால் அதை இரண்டாவது பதிவாக வைத்துக்கொள்ளலாம். தொடக்கத்துக்கு அது அவசியமில்லை.

தேர்வின் முதற்கட்டத்துக்கு முழுப் படைப்பையும் கேட்க வேண்டியதில்லை. ‘ஆண்டவரே இரக்கமாயிரும்’ என்னும் கீரியே பகுதியே பாதி முடிவைச் சொல்லிவிடும். பெண்குரல்கள் மட்டும் மிக மென்மையாகத் தொடங்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. பின்னர் ஆண்குரல்கள் அதே முறையில் வருகின்றன. இப்பகுதியில் ஹார்ன்களும் டிராம்போன்களும் விருப்பத்துக்கு விடப்பட்ட துணையாகவே எழுதப்பட்டுள்ளன; பெரும்பகுதியைக் குரல்கள் தாமாகவே சுமக்க வேண்டும். இங்கேதான் சுருதி இறங்கும் ஆபத்து உள்ளது. துணையின்றி நீண்ட நேரம் மெதுவாகப் பாடும் குழு, தன்னையறியாமல் சிறிது சிறிதாகக் கீழே சரியும். கருவிகள் மீண்டும் நுழையும் கணத்தில் அந்தச் சரிவு வெளிப்பட்டுவிடும். எனவே ஒவ்வொரு பதிவிலும், நீண்ட குரற்பகுதிக்குப் பின் ஹார்னோ டிராம்போனோ நுழையும் இடத்தில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். கருவியின் சுரம் குரல்களுக்குள் கரைந்து போனால் அந்தக் குழு தேறியது. கருவி வந்ததும் குரல்கள் திடீரென மங்கலாகவோ புளித்தோ ஒலித்தால், அல்லது பாடகர்கள் அவசரமாக மேலே ஏறிச் சரிசெய்துகொள்வது தெரிந்தால், எவ்வளவு புகழ்பெற்ற பெயர் உறையில் இருந்தாலும் அடுத்த பதிவுக்குப் போய்விடலாம். காதை மட்டும் நம்பத் தயங்குபவர்கள், கைப்பேசியிலுள்ள சுருதிப்பெட்டிச் செயலியில் இ சுரத்தை ஒலிக்கவிட்டுத் தொடக்கத்தையும் முடிவையும் ஒப்பிடலாம். ஆனால் பதிவுக்குப் பதிவு அடிப்படைச் சுருதியே சற்று மாறும் என்பதால், ஒரே பதிவின் இரண்டு இடங்களைத்தான் அவ்வாறு ஒப்பிட வேண்டும்.

அடுத்துக் கவனிக்க வேண்டியது பதிவான இடத்தின் எதிரொலி. ப்ருக்னர் ஒரு பெரும் முழக்கத்துக்குப் பின் அமைதியை விடும் வழக்கம் உள்ளவர். அந்த அமைதியில் ஓசை எவ்வளவு நேரம் தங்குகிறது என்று பாருங்கள். சட்டென்று அறுந்தால் பதிவரங்கம் வறண்டது; இசை துண்டு துண்டாகத் தோன்றும். ஓசை நீண்டு அடுத்த வரியின் மேலும் படர்ந்தால் எட்டுக் குரல்வரிசைகளும் ஒரே மூட்டமாகிவிடும். இறைவனைப் புகழும் குளோரியா பகுதியின் முடிவில் வரும் ஆமென் ஃபியூக், அதாவது ஒரே கருப்பொருளைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பாடும் அமைப்பு, இதற்குச் சரியான சோதனை. அரைச்சுரப் படிகளில் நெளிந்து செல்லும் அதன் கருப்பொருள் ஒவ்வொரு குரலிலும் நுழையும்போது தனித்துக் கேட்க வேண்டும். உள்குரல்களாகிய ஆல்டோவும் டெனரும் இங்கே காணாமற்போகும் பதிவுகள் பல.

குளோரியாவும், நம்பிக்கை அறிக்கையாகிய கிரேடோவும் தொடங்கும் விதம் குறித்து ஒரு சிறு விளக்கம் தேவை. திருப்பலியில் இவ்விரண்டின் முதல் வரியைக் குருவே பாடித் தொடங்குவது மரபு என்பதால், ப்ருக்னர் அவ்வரிகளுக்கு இசை எழுதவில்லை. பாடகர் குழு அதற்கடுத்த சொற்களிலிருந்து தொடங்குகிறது. நல்ல பதிவுகளில் தனிக்குரல் ஒன்று அந்த முதல் வரியைப் பழைய கிரகோரியன் மெட்டில் பாடும். அது இல்லாவிட்டால் பாதியில் தொடங்கியது போன்ற உணர்வு வரும். குறையென்று தள்ளத் தேவையில்லை, ஆனால் இருந்தால் எனக்கு மகிழ்ச்சி.

‘தூயவர், தூயவர், தூயவர்’ என்னும் சாங்க்டுஸ் அளவிற் சிறியது. ஆனால் படைப்பின் உச்சம் இதுவே என்று துணிந்து சொல்வேன். பாலெஸ்ட்ரினாவின் மிஸ்ஸா பிரேவிஸ் என்னும் திருப்பலி இசையிலிருந்து பெற்ற ஒரு சுரத்தொடரை எடுத்துக்கொண்டு, எட்டுக் குரல்களும் ஒன்றையொன்று பின்தொடரும்படி ப்ருக்னர் நெய்திருக்கிறார். கருவிகளின்றி மெல்லத் தொடங்கி, படிப்படியாகப் பெருகி, பித்தளைக் கருவிகள் முழு வலிமையோடு சேரும் இடம்வரை அது ஒரே மூச்சில் ஏறுகிறது. இதில் நடத்துநரின் பொறுமை வெளிப்படும். பாதி வழியிலேயே உரத்துவிடும் குழுவுக்கு உச்சியில் கொடுப்பதற்கு எதுவும் மிஞ்சாது. வேகத்தைக் கூட்டாமல் ஓசையை மட்டும் கூட்டிச் செல்லும் பதிவைத் தேடுங்கள். உச்சியிலும் சோப்ரானோக்கள் வீறிடாமல் இருக்க வேண்டும். டிராம்போன்கள் குரல்களை மூழ்கடிக்காமல் அவற்றைத் தாங்க வேண்டும்.

இந்த அளவுகோல்களோடு நான்கு பதிவுகளை ஒப்பிட்டுத் தொடங்கலாம். ஆய்கன் யோஹும், பவேரிய வானொலிப் பாடகர் குழுவோடு 1970களின் தொடக்கத்தில் டாய்ச்ச கிராமஃபோன் நிறுவனத்துக்காகச் செய்தது சிம்பொனி நடத்துநரின் பார்வை. குழு பெரியது, வேகம் விருப்பப்படி தளர்ந்தும் இறுகியும் செல்கிறது, பக்தி வெளிப்படையானது. குரல்களின் அதிர்வு கூடுதலாக இருப்பதால் அடர்ந்த இடங்களில் துல்லியம் சற்றுக் குறைகிறது. ஆனால் சாங்க்டுஸின் உச்சியில் அதன் எடை அபாரமானது. மாத்யூ பெஸ்ட், காரிடன் சிங்கர்ஸ் குழுவோடு 1980களில் ஹைப்பீரியனுக்காகச் செய்த பதிவில் குரல்கள் இளமையானவை, இடமும் விரிவானது. முதன்முறை கேட்பவருக்கு நான் பரிந்துரைப்பது இதையே. ஃபிலிப் ஹெரவெஹே, ஹார்மோனியா முண்டி வெளியிட்ட தம் பதிவில், இசையமைப்பாளர் பாக்கின் காலத்து இசையில் பழகிய குழுக்களைக் கொண்டு அதிர்வு குறைந்த, தெளிந்த ஓசையைத் தருகிறார். பாலெஸ்ட்ரினாவின் நிழல் மிக நன்றாகத் தெரிவது இதில்தான். ஸ்டீஃபன் லேட்டன், பாலிஃபனி குழுவோடும் பிரிட்டன் சின்ஃபோனியாவோடும் 2007இல் வெளிவந்த பதிவில் கீரியே சோதனையைப் பழுதின்றிக் கடக்கிறார். அந்த மென்மையில் சில நேரம் அழகு மிகுந்து கரடுமுரடு குறைந்துவிடுகிறது என்பது என் மனக்குறை.

ஒப்பிடும் முறையிலும் கவனம் வேண்டும். முழுப் படைப்பும் சுமார் 35 முதல் 40 நிமிடம். நான்கையும் அடுத்தடுத்து முழுமையாகக் கேட்டால் காது சோர்ந்து கடைசிப் பதிவு அநீதிக்கு உள்ளாகும். கீரியேவை மட்டும் நான்கிலும் கேட்டு இரண்டாகக் குறைத்துக்கொண்டு, பின்னர் அவ்விரண்டில் ஆமென் ஃபியூக்கையும் சாங்க்டுஸையும் கேட்பது போதும். ஓசை அளவைக் கீரியேவின் மெல்லிய தொடக்கத்தைக் கொண்டு நிர்ணயிக்காதீர்கள். சாங்க்டுஸின் உச்சியைக் கொண்டு நிர்ணயித்துவிட்டுத் தொடக்கத்துக்குத் திரும்புங்கள். இல்லையேல் பித்தளைக் கருவிகள் நுழையும்போது எழுந்து ஓட வேண்டியிருக்கும். நான்கிலும் உச்சியின் ஓசை ஏறத்தாழச் சமமாக இருக்கட்டும். சற்று உரத்து ஒலிப்பதை நம் காது சிறந்ததென்று நம்பிவிடும். இணையத்தில் கேட்பவர்கள் தரத்தை உயர்ந்த நிலையில் வைத்துக்கொள்வது நல்லது. தரம் குறைந்த ஒலிக்கோப்பில் முதலில் கெடுவது மெல்லத் தேயும் எதிரொலியே.

இரண்டுக்கும் இடையே முடிவு செய்ய இயலாவிட்டால், ‘உலகின் பாவங்களைப் போக்கும் இறைவனின் செம்மறியே’ என்னும் ஆக்னுஸ் டேயை இறுதிச் சோதனையாக வையுங்கள். அதன் முடிவில் அமைதியை வேண்டும் சொற்களின்போது கீரியேவின் இசை திரும்ப வருகிறது. படைப்பு முழுவதையும் பாடிக் களைத்த குழு, தொடக்கத்தில் இருந்த அதே மென்மையையும் சுருதியையும் இங்கே தக்கவைத்திருந்தால் அந்தப் பதிவை வாங்கிவிடலாம்.