எஃப்.எம். இரைகிறதா? பூஸ்டர் வாங்கும் முன்...

கொடைக்கானல் வானொலி 100.5 மெகாஹெர்ட்ஸில், 10 கிலோவாட் சக்தியில் ஒலிபரப்பாகிறது. மலைமேல் இருந்து வருவதால் தென் மாவட்டங்களில் வெகுதூரம் எட்டுகிறது. அப்படியும் பக்கத்து வீட்டில் தெளிவாகக் கேட்பது உங்கள் வீட்டில் இரைந்தால், முதலில் ஏரியலைப் பாருங்கள்.

பலரும் கம்பியை நட்டமாக இழுத்து நிறுத்திவிட்டு அத்தோடு மறந்துவிடுகிறார்கள். ரேடியோ அலையின் மின்புலம் படுக்கையாக அதிரலாம், செங்குத்தாக அதிரலாம், சுழன்றுகொண்டும் வரலாம். இதுதான் போலரைசேஷன். படுக்கையாக வரும் அலையை நட்டமாக நிற்கும் கம்பி பிடித்தால், திறந்தவெளியில் 20 டெசிபல் வரைகூடப் போய்விடும். நூறில் ஒரு பங்குதான் மிச்சம்! சுழன்று வரும் அலை என்றால் கம்பியை நட்டமாக வைத்தாலும் படுக்க வைத்தாலும் பாதி சக்தி கிடைக்கும். வீட்டுக்குள் சுவரிலும் பீரோவிலும் பட்டு அலை திசைமாறுவதால் ஏட்டுக் கணக்கு அப்படியே பலிக்காது. கம்பியை மெல்லச் சாய்த்து, படுக்க வைத்து, சுற்றிப் பார்ப்பதுதான் வழி. ஒவ்வொரு முறையும் கையை எடுத்துவிட்டுக் கேளுங்கள். தொட்டுக்கொண்டிருந்தால் உங்கள் உடம்பும் ஆன்டெனாவாகிவிடும்.

சரி, படுக்க வைத்தாயிற்று. நுனியை நிலையத்தை நோக்கிக் காட்டுவதும் தப்பு. கம்பிக்குப் பக்கவாட்டில் இருந்து வரும் அலையைத்தான் அது நன்றாகப் பிடிக்கும், நுனிப்பக்கம் மந்தம். மதுரைக்குக் கொடைக்கானல் மேற்கே, சற்று வடக்குத் தள்ளி இருக்கிறது. அங்கே கம்பி ஏறக்குறைய வடக்கு தெற்காகக் கிடக்க வேண்டும். ரிசீவரோடு வரும் T வடிவ ஒயருக்கும் இதே கதைதான். அதைச் சுருட்டி அலமாரிக்குப் பின்னால் போடாமல், T-யின் இரு கைகளையும் நேராக விரித்து ஜன்னலோரம் ஒட்டுங்கள்.

நீளம் கூடினால் நன்றாக எடுக்கும் என்பதும் தப்புக்கணக்கு. 100 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 3 மீட்டர். கம்பிக்கு அதில் கால் பங்கு, அதாவது 75 சென்டிமீட்டர்தான் தேவை. T ஒயர் செய்தால் ஒரு கை சுமார் 71 சென்டிமீட்டர் போதும்.

பூஸ்டர்? அலையைப் பெருக்கும் அந்தக் கருவி இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். பெரிய நிலையங்கள் பக்கத்திலேயே இருக்கும் நகரங்களில் ரிசீவரைத் திணறவும் வைக்கும். அதற்கு முன், இரைச்சலைக் கிளப்பக்கூடிய எல்.இ.டி. விளக்கு, மொபைல் சார்ஜர் இரண்டையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். அப்புறமும் இரைந்தால் ரிசீவரை ஸ்டீரியோவில் (இரு தட ஒலி) இருந்து மோனோவுக்கு (ஒரு தட ஒலி) மாற்றிவிடலாம். தூரத்து நிலையத்துக்கு இதுவே பெரிய வித்தியாசம் காட்டும், காசும் செலவில்லை.