பின் ஜாக் தரையில் உரசுகிறதா? தூக்குவதற்கு முன் உள்ளே தள்ளிப் பாருங்கள்

பினாங்கில் கேம்பர் (உள்ளே தங்கிப் பயணிக்கும் வண்டி) ஓட்டுபவர்களுக்குத் தெலுக் பஹாங்கிலிருந்து பாலிக் புலாவ் போகும் மலைப்பாதை பெரிய தொல்லையே இல்லை. தாமான்களில் (குடியிருப்புப் பகுதிகளில்) நினைத்த இடத்திலெல்லாம் போட்டு வைத்திருக்கும் வேகத்தடையும், பெட்ரோல் நிலையத்துக்குள் நுழையும் சரிவும்தான் தொல்லை. பின்சக்கரம் வேகத்தடையைத் தாண்டி இறங்கும் நேரத்தில் வால் பக்கத்து ஜாக், அதாவது நிறுத்தியபின் வண்டி ஆடாமலிருக்க இறக்கும் கால், ‘கர்ர்’ என்று உரசும். உடனே எல்லாரும் சொல்வது, "ஜாக்கை மேலே ஏற்று". சரி, ஏற்றலாம், ஆனால் அதற்கு முன் அளந்து பாருங்கள்.

தண்ணீர்த் தொட்டி, கேஸ், சாமான் எல்லாம் ஏற்றிய நிலையில், டயரில் சரியான காற்றோடு, சமதரையில் நிறுத்தி அளக்க வேண்டும். 80 லிட்டர் தண்ணீர் என்றால் 80 கிலோ, அது பின்பக்கம் இருந்தால் வண்டி நன்றாகவே அமுங்கும், காலி வண்டியில் எடுத்த அளவு எதற்கும் உதவாது. இரண்டு அளவு போதும்: மடித்த ஜாக்கின் அடிப்பாகம் தரையிலிருந்து எவ்வளவு உயரம், பின்சக்கரம் தரையைத் தொடும் இடத்திலிருந்து எவ்வளவு தூரம் பின்னால்.

உதாரணத்துக்கு உயரம் 18 செ.மீ., தூரம் 150 செ.மீ. என்று வையுங்கள். சுமார் 7 டிகிரிக்கு மேலான சரிவில் அது இடிக்கும். படாதபாடு பட்டு 6 செ.மீ. மேலே ஏற்றினால் 9 டிகிரி கிடைக்கும். உயரத்தில் கை வைக்காமல் 50 செ.மீ. சக்கரத்தின் பக்கம் நகர்த்தினாலோ 10 டிகிரி! இதனால்தான் தூக்குவதைவிட உள்ளே தள்ளுவது லாபம் என்கிறேன். நகர்த்தியபின் புகைக்குழாயோ கழிவுநீர்த் தொட்டியோ இழுவைக் கொக்கியோ அடுத்து இடிக்குமா என்றும் பார்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஜாக் தப்பித்து அது மாட்டிக்கொள்ளும். அப்புறம், சக்கரத்துக்கு நெருங்க நெருங்க ஜாக் ஆட்டத்தை அடக்குவதும் குறையும். உள்ளே ஆள் நடந்தால் கொஞ்சம் குலுங்கும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஆனால் ஸ்பேனரை எடுக்கும் முன் இதைப் பாருங்கள். ஜாக் முழுசாக மடிகிறதா? கடற்காற்றில் துரு, செம்மண் சேறு எல்லாம் திருகில் அடைத்துக்கொண்டு கடைசி ஓரிரண்டு செ.மீ. மடியாமலே நிற்பது சாதாரணம். கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, காய்ந்தபின் உலர் மசகு அடியுங்கள். கிரீஸ் வேண்டாம், அது மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஓட்டையில் ஊசி (pin) குத்தி நிறுத்தும் கால் வகை என்றால் அந்த ஊசி எந்த ஓட்டையில் இருக்கிறது என்று பாருங்கள், மேல் ஓட்டைக்கு மாற்றினாலே வேலை முடிந்துவிடலாம். வண்டியின் அடிச்சட்டத்துக்கும் (chassis) ஜாக்குக்கும் நடுவே இரும்புக்குழல் துண்டு வைத்துப் பொருத்தியிருந்தால் அதை எடுத்துவிட்டு நேராகப் பொருத்தினால் சும்மா கிடைக்கும் உயரம்.

நகர்த்தத்தான் வேண்டும் என்றால், சமதரை, கைப்பிரேக், சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை. வண்டியைத் தூக்க வேண்டியிருந்தால் பட்டறை ஜாக்கால் தூக்கித் தாங்குகாலில் நிறுத்துங்கள். கேம்பரின் சொந்த ஜாக்கால் தூக்கிவிட்டு அடியில் படுக்கவே கூடாது, அது ஆட்டத்தை நிறுத்தத்தான், பாரம் சுமக்க இல்லை. புதிய இடத்தில் பிரேக் குழாய், கேஸ் குழாய், ஒயர் எதுவும் போகவில்லை என்று கையால் தடவிப் பாருங்கள். C வடிவச் சட்டம் என்றால் துளையை நிமிர்ந்த பக்கச் சுவரில் போடுங்கள், மேலும் கீழும் உள்ள மடிப்பில் போட்டால் சட்டத்தின் பலம் போய்விடும். 8.8 தரப் போல்ட், நைலான் பூட்டு நட். பழைய துளை, புதிய துளை இரண்டுக்கும் துரு தடுக்கும் பெயின்ட்.

வெல்டிங் எனக்குப் பிடிக்காது. நாளைக்குக் கழற்ற முடியாது, பெயின்ட் எரிந்த இடத்தில் துரு பிடிக்கும். செய்தே ஆக வேண்டும் என்றால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள், கேஸ் சிலிண்டரை வண்டியிலிருந்தே இறக்கி வையுங்கள், சட்டத்தை வெட்டும் வேலை என்றால் முதலில் ஜேபிஜேவிடம் (சாலைப் போக்குவரத்துத் துறை) கேட்டுவிடுங்கள். ஹைட்ராலிக் தானியங்கி ஜாக்கில் நீங்கள் கை வைக்க வேண்டாம், பட்டறைக்காரரிடம் விடுங்கள்.

ஜாக் மேலே போனால் கீழே எட்டும் தூரமும் அந்த அளவுக்குக் குறையும். ஆகவே ஜாக்கின் அடியில் வைக்கக் கனமான மரப்பலகை இரண்டு கூடவே வண்டியில் இருக்கட்டும், மழையில் ஊறிய புல்தரையில் கால் புதையாமலும் தடுக்கும். முகாமில் முதலில் சக்கரத்தைப் பலகையில் ஏற்றி மட்டம் செய்யுங்கள், பிறகுதான் ஜாக். போல்ட்டிலும் சட்டத்திலும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு போட்டு வையுங்கள், முதல் நீண்ட ஓட்டம் முடிந்து பார்க்கையில் கோடு விலகியிருந்தால் இறுக்கிக்கொள்ளலாம்.