விமான தூரமும் பயண நேரமும்: கணக்கிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டு விமான நிலையங்களுக்கு இடையிலான தூரத்தை மணிக்கு 900 கிலோமீட்டர் என்ற வேகத்தால் வகுத்தால் பயண நேரம் கிடைத்துவிடும் என்று பலர் கருதுகிறார்கள். தூரம் மாறாதது, நேரமோ திசை, பருவம், வான்வழி ஆகியவற்றுக்கு ஏற்ப மாறுவது. இதைக் கவனிக்காமல் போடும் கணக்கினால் இணைப்பு விமானத்தையே தவறவிட நேரிடலாம்.

தூரத்தை அளப்பதிலேயே முதல் தவறு நேர்கிறது. தட்டையான உலக வரைபடத்தில் இரண்டு ஊர்களை நேர்கோட்டால் இணைத்து, அதுவே மிகக் குறுகிய வழி என்று எண்ணிவிடக் கூடாது. நிலநடுக்கோட்டில் ஒரு பாகை தீர்க்கரேகையின் இடைவெளி சுமார் 111 கிலோமீட்டர். 60 பாகை அட்சரேகையில் அது பாதியாகச் சுருங்கிவிடுகிறது. ஆனால் தட்டையான உலக வரைபடங்களில் பரவலாகப் புழங்கும் மெர்கேட்டர் வரைபடம் இரண்டையும் ஒரே அகலத்தில் காட்டுகிறது. லண்டனிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் செல்லும் விமானம் தென்மேற்கே திரும்பாமல் கிரீன்லாந்துப் பக்கம் ஏறிச் செல்வதைத் திரையில் பார்ப்பவர்கள் அதைச் சுற்றுவழி என்று நினைப்பதுண்டு. உருண்டையான பூமியின் மேல் அந்தப் பெருவட்டப் பாதைதான் (பூமியின் மையத்தையே மையமாகக் கொண்ட வட்டத்தின் ஒரு பகுதி) குறுக்குவழி. அளவைகளையும் குழப்பிக்கொள்ளக் கூடாது: கடல் மைல் 1.852 கிலோமீட்டர், சாதாரண மைல் ஏறத்தாழ 1.609 கிலோமீட்டர். விமானத் துறையில் புழங்குவது பெரும்பாலும் கடல் மைல்தான்.

போகும் நேரமும் திரும்பும் நேரமும் ஒன்றாகவே இருக்கும் என்று எதிர்பார்ப்பது அடுத்த தவறு. நடு அட்சரேகைகளில், விமானங்கள் பறக்கும் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஜெட் காற்றோட்டம் வீசுகிறது. குளிர்காலத்தில் அது மேலும் வலுக்கிறது. டோக்கியோவுக்கும் லாஸ் ஏஞ்சலிசுக்கும் இடையே சுமார் 8,800 கிலோமீட்டர். கிழக்கு நோக்கிச் செல்லும்போது ஏறத்தாழ 10 மணி நேரம் ஆகும் இந்தப் பயணம், எதிர்த்திசையில் பதினொன்றரை, 12 மணி நேரம் வரை நீள்கிறது.

குறுகிய பாதை எப்போதும் திறந்திருக்கும் என்றும் நம்ப முடியாது. 2022இல் ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய விமான நிறுவனங்களுக்கு மூடப்பட்டதும், ஒன்பதரை மணி நேரத்தை ஒட்டியிருந்த ஹெல்சின்கி–டோக்கியோ பயணம் சுமார் 13 மணி நேரமாகிவிட்டது. விமான நிலையங்கள் இரண்டும் இருந்த இடத்திலேயேதான் இருந்தன!

பயணச்சீட்டில் உள்ள நேரம் வானில் பறக்கும் நேரம் மட்டுமன்று. விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வது முதல் மறுமுனையில் வந்து நிற்பது வரை, ஓடுபாதைக்காகக் காத்திருப்பதும் அதில் அடக்கம்.

மிகுந்த கவனம் தேவைப்படுவது கடிகாரக் கணக்கில்தான். பயணச்சீட்டில் அச்சிடப்படுபவை அந்தந்த ஊரின் உள்ளூர் நேரங்கள்; ஒன்றிலிருந்து மற்றொன்றை அப்படியே கழிக்கக் கூடாது. ஜூலையில் டோக்கியோவிலிருந்து மாலை 5 மணிக்குப் புறப்படும் விமானம், தேதிக்கோட்டைக் கடந்து, அதே நாள் காலை 11 மணி அளவில் லாஸ் ஏஞ்சலிசில் இறங்கும். இரண்டு நேரங்களையும் முதலில் உலகப் பொது நேரத்துக்கு (UTC, எல்லா நாடுகளும் தங்கள் நேரத்தைக் கணக்கிட அடிப்படையாகக் கொள்ளும் நேரம்) மாற்றிக்கொண்டு, அதன் பிறகு கழிப்பதே சரியான முறை. அப்படி மாற்றும்போது பயணத் தேதியில் நடப்பிலுள்ள நேர வேறுபாட்டையே பயன்படுத்த வேண்டும். அமெரிக்கா மார்ச் மாதத்தின் இரண்டாம் ஞாயிறன்றும் பிரிட்டன் அம்மாதத்தின் கடைசி ஞாயிறன்றும், கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே வைக்கும் கோடைகால நேரத்துக்கு மாறுவதால், இடைப்பட்ட வாரங்களில் லண்டனுக்கும் நியூயார்க்கிற்கும் வேறுபாடு 5 மணி நேரமன்று, 4 மணி நேரமே.