ஸ்லைட்டைக் கவிழ்த்து வையுங்கள்

எங்கள் லாபுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் முதல் நாளே கேட்பார்கள், "அக்கா, எப்ப ஒளிரும்?" என்று. ஒளிர வைப்பது பெரிய காரியமில்லை. ஒளிரக்கூடாத ஸ்லைட்டை இருட்டாக வைத்திருக்கத்தான் எனக்கு ஒரு வருடம் போனது.

நாங்கள் ஸ்லைட்டில் பிடித்து, சாயத்தால் ஒளிர வைத்துப் பார்ப்பது சி.இ.ஏ. என்ற புரதம். பெருங்குடல் புற்றுநோயில் இது இரத்தத்தில் கூடலாம். கண்ணாடி ஸ்லைட்டில் சிங்க் ஒக்சைட் என்ற குறைகடத்தியை நுண்ணிய கம்பிகளாக வளர்க்கிறோம். கம்பிக் காட்டில், சி.இ.ஏ.யைப் பிடிக்கும் ஆன்டிபாடி ஒட்ட இடம் அதிகம் (ஏ.எல். புத்தகத்தில் பிறபொருளெதிரி என்று படித்தது இதைத்தான்). பிடிபட்ட சி.இ.ஏ.யில் சாயம் ஏற்றிய இரண்டாவது ஆன்டிபாடி வந்து ஒட்டும்; அந்தச் சாயத்தின் ஒளியையும் கம்பி நுனிவரை கடத்தும். மைக்ரோஸ்கோப்பில் நுனிகள் பளிச்சென்று தெரிவது அதனால்.

முதலில் விதை. எத்தனோலில் 5 மில்லிமோலார் சிங்க் அசற்றேற்று, சில துளிகள். 10 செக்கனில் எத்தனோலால் அலசி உலர்த்துங்கள். நாலைந்து தடவை இப்படிச் செய்து 350 பாகை செல்சியஸில் 20 நிமிடம் சுடுங்கள். அப்புறம் சிங்க் நைத்திரேற்று, ஹெக்ஸமின் இரண்டும் 25 மில்லிமோலார் வீதம் கரைத்த தண்ணீரில் போட்டு, 90 பாகையில் 2 மணித்தியாலம் ஒவனில் வையுங்கள். விதை போட்ட பக்கம் கீழே பார்க்க வேண்டும். மேலே பார்த்தால் கரைசலில் உண்டாகும் வெள்ளைத் தூள் முழுதும் அதன் தலையில் படியும். நான் 2 டெஃப்லோன் துண்டுகளின் மேல் பாலம் மாதிரிக் கவிழ்த்து வைப்பேன். கண்ணாடி லேசாகப் பால் பூத்த மாதிரி வந்தால் சரி.

அடுத்தது ஆப்டெஸ் என்ற சைலேன், ஆன்டிபாடி கம்பியில் பிடிக்க அடிப்பசை மாதிரி. கொழும்பில் இதுதான் கழுத்தறுப்பு, ஏனென்றால் ஈரக்காற்று அதற்கு ஆகாது. ஒரு ஜூன் மழையில், கறண்ட் போய் ஏ.சி. நின்ற பிற்பகலில் போத்தலைத் திறந்தேன். வேலை முடித்துப் பார்த்தால் ஸ்லைட் முழுக்க நட்சத்திரம். வெள்ளவத்தைக்கு பஸ்ஸில் போகும்போதே அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். மறுநாள் சி.இ.ஏ. போடாத ஸ்லைட்டைப் பார்த்தேன். அதிலும் அதே வானம். சைலேன் தனக்குள்ளேயே பிணைந்து கட்டி கட்டியாகப் படிந்து, சாய ஆன்டிபாடியைப் பிடித்து வைத்திருந்தது.

ஆகவே குளிரிலிருந்து எடுத்த போத்தலை அறைச் சூட்டுக்கு வரும்வரை திறக்காதீர்கள். சிலிக்கா ஜெல் நீலத்திலிருந்து ரோசாவுக்கு மாறியிருந்தால் அன்றைக்கு வேறு வேலை பாருங்கள். உலர்ந்த டொலுயீனில் 2 சதவீதம், புகை உறிஞ்சும் கூண்டுக்குள் 30 நிமிடம். டொலுயீனாலேயே அலசி, 110 பாகையில் 15 நிமிடம்.

பிறகு, சைலேனோடு ஆன்டிபாடியை இணைக்க 2.5 சதவீத குளூட்டரல்டிஹைட், 1 மணித்தியாலம். பஃபர் (பி.எச். மாறாமல் வைக்கும் கரைசல்) ஹெப்பீஸாக இருக்கட்டும். ட்ரிஸ் என்ற பஃபரின் அமைன் குளூட்டரல்டிஹைட்டைத் தின்றுவிடும். பொஸ்பேட் பஃபரில் கம்பிகள் மெல்ல அரிபடும். அமிலப் பக்கமே போக வேண்டாம். ஆன்டிபாடியை மில்லிலீற்றருக்கு 10 மைக்ரோகிராம் அளவில் விட்டு, ஈரத் துணி போட்ட சாப்பாட்டுப் பெட்டிக்குள் 4 பாகையில் ஓர் இரவு வையுங்கள். சைலேனுக்கு ஆகாத ஈரம் இங்கே கட்டாயம் வேண்டும்!

நடுநிலை பி.எச்.இல் சிங்க் ஒக்சைட்டுக்கு நேர் ஏற்றம், இரத்தத்து அல்புமினுக்கு மறை ஏற்றம். கண்ட புரதமும் வந்து ஒட்டும். அதனால் சோதிக்கும் மாதிரியை விட முன்பே 1 சதவீத மாட்டு அல்புமினால் 1 மணித்தியாலம் மூடிவிடுங்கள். அப்புறம் மாதிரி, அதன் பிறகு சை-3 சாயம் ஏற்றிய இரண்டாவது ஆன்டிபாடி. சாயம் போட்டதிலிருந்து ஃபொயிலால் மூடி வையுங்கள், டியூப்லைட்டில் வெளிறும். 0.05 சதவீத ட்வீன் (சோப்பு மாதிரி ஒன்று) கலந்த பஃபரில் மூன்று தடவை கழுவுங்கள்.

550 நனோமீற்றரில் ஒளியூட்டி 570 பக்கம் பாருங்கள். முதலில் சி.இ.ஏ. இல்லாத ஸ்லைட், அடுத்து முதல் ஆன்டிபாடி இல்லாதது. இரண்டும் இருட்டாக இருந்தால்தான் 1, 5, 20 நனோகிராம் சி.இ.ஏ. போட்ட ஸ்லைட்டுகளை வெளியே எடுப்பேன். எல்லாவற்றுக்கும் ஒரே எக்ஸ்போஷர் நேரம்.

மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு கிளினிக் போய்வரும் பெரியம்மா கேட்டார், "என்ர ரத்தத்தையும் ஒருக்கா உதில வைச்சுப் பாரன் பிள்ளை." சி.இ.ஏ.வுக்கு மில்லிலீற்றருக்கு 5 நனோகிராம்தான் வழக்கமான எல்லை, ஆனால் சிகரெட் பிடிப்பவர்களுக்கே அது கூடும், என் ஸ்லைட்டை நம்பி ஒருவருக்கும் ஒன்றும் சொல்ல முடியாது. "உங்கட ரிப்போட்டைக் கொண்டுவாங்கோ, வாசிச்சுச் சொல்லுறன்" என்றேன்.