கார் பேட்டரி சார்ஜ் ஆகிறதா? மல்டிமீட்டரில் நீங்களே பார்க்கும் முறை

"பேட்டரி போச்சு", "டைனமோ போச்சு" என்று யாராவது சொன்னதும் பர்ஸை எடுக்க வேண்டாம். (எஞ்சின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்வதுதான் டைனமோ.) சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று இருந்தால், அந்தப் பேச்சு சரியா என்று வீட்டு வாசலிலேயே பார்த்துவிடலாம். எந்த நிலையில் எடுத்த அளவு என்று தெரியாமல் வோல்ட் எண்ணை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது. வண்டி நிற்கும்போது 12.6 அருமையான அளவு. எஞ்சின் ஓடும்போது பெரும்பாலான வண்டிகளில் அதே 12.6 கோளாறு. இதைத்தான் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள்.

முதலில் மீட்டர். கருப்பு வயரை 'காம்' துளையிலும், சிவப்பு வயரை வோல்ட் துளையிலும் செருகுங்கள். பக்கத்தில் 10 ஆம்பியர் என்று இன்னொரு துளை இருக்கும். சிவப்பு வயர் அதில் இருக்கும்போது பேட்டரியில் வைத்தால் நேரடி ஷார்ட்தான், மீட்டர் கருகிவிடும். திருகியை டிசி வோல்ட் 20-ல் வையுங்கள். பேட்டரியில் சிவப்பும் கருப்பும் மாறிப்போனால் பயமில்லை, எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி வரும், அவ்வளவுதான்.

பானட்டைத் திறந்து வைத்து எஞ்சினை ஓட்டப் போகிறோம். வேட்டி, துண்டு, துப்பட்டா எதுவும் பெல்ட் பக்கம் தொங்கக் கூடாது. ரேடியேட்டர் ஃபேன் எப்போது வேண்டுமானாலும் தானாகச் சுற்றும். சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் பீடி, சிகரெட் ஆகாது.

படி 1: வண்டி நிற்கும்போது

காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் அளவெடுப்பது நல்லது. ஓட்டி நிறுத்திய உடனே அளந்தால் பேட்டரி பொய்யாகக் கூடுதல் காட்டும். அவசரமென்றால் ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்து, கொஞ்ச நேரம் கழித்து அளக்கலாம். மீட்டர் முனையை, பேட்டரியில் வயரை இறுக்கிப் பிடித்திருக்கும் கிளாம்பில் வைக்காமல் அதன் நடுவில் இருக்கும் ஈயக் கம்பத்திலேயே வையுங்கள். ஏன் என்பது அடுத்த படியில் தெரியும்.

12.6 அல்லது 12.7 என்றால் முழு சார்ஜ். 12.4 முக்கால் பங்கு, 12.2 பாதி, 12.0 கால் பங்கு. பார்க்க ஒரு வோல்ட்கூட வித்தியாசமில்லை, ஆனால் அதற்குள்தான் எல்லாம் இருக்கிறது. பாளையங்கோட்டையிலிருந்து திருநெல்வேலி ஜங்ஷன் வரை போய்த் திரும்பும் ஓட்டம் மட்டுமே உள்ள வண்டியில் 12.3 இருந்தால் பேட்டரியைக் குறை சொல்ல முடியாது, அதற்கு முழுதாகச் சார்ஜ் ஏற நேரமே கிடைக்கவில்லை. நாங்குநேரி, வள்ளியூர் என்று நான்குவழிச் சாலையில் ஒருமுறை நாகர்கோவில் வரை போய்வந்து மறுநாள் காலை அளந்து பாருங்கள். அப்போதும் ஏறவில்லை என்றால் சந்தேகப்படலாம்.

படி 2: செல்ஃப் அடிக்கும்போது

கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக் போட்டிருக்க வேண்டும். ஒருவர் சாவியைத் திருக, நீங்கள் மீட்டரைப் பாருங்கள். எண் சட்டென்று விழும், விழத்தான் வேண்டும். 10-க்கு மேலே நின்றால் நல்ல பேட்டரி. முழு சார்ஜ் இருந்தும் 9.6-க்குக் கீழே போனால் பேட்டரிக்கு வயதாகிவிட்டது.

இன்னொன்று உண்டு. செல்ஃப் 'டக்' என்று நின்றுவிடும், ஆனால் மீட்டரில் 12.4 அசையவே அசையாது. பேட்டரியிலிருந்து கரண்ட் வெளியே போகவே இல்லை என்று அர்த்தம். கிளாம்ப் லூசாக இருக்கும், வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும், இல்லையென்றால் செல்ஃப் மோட்டாரிலோ அதன் வயரிலோ கோளாறு. இந்த நிலையில் புதுப் பேட்டரி வாங்கிப் போட்டு ஏமாறுபவர்கள் அதிகம். ஈயக் கம்பத்தில் ஒரு முனை, அதே கிளாம்பில் மறுமுனை வைத்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். அரை வோல்ட் காட்டினாலே அந்த இணைப்பு அழுக்கு. சுடுதண்ணீரும் ஆப்ப சோடாவும் போட்டுத் தேய்த்து, காய்ந்ததும் இறுக்கினால் செலவு முடிந்தது.

படி 3: எஞ்சின் ஓடும்போது

ஸ்டார்ட் செய்து சில நிமிடம் விடுங்கள். 13.8-லிருந்து 14.5 வரை இருந்தால் டைனமோ வேலை செய்கிறது (ஆல்டர்னேட்டர்தான், ஒர்க்‌ஷாப்பில் டைனமோ என்றுதான் சொல்வார்கள்). 13-க்குக் கீழே என்றால் சார்ஜ் போதவில்லை. 15-ஐத் தாண்டினால், டைனமோ தரும் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கெட்டிருக்கும். பேட்டரித் தண்ணீர் சீக்கிரம் வற்றும், பல்பும் போகும், அதைத் தள்ளிப்போடக் கூடாது.

நம் ஊர் வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். சூடான பேட்டரி சுலபமாகச் சார்ஜ் ஏறும், கூடுதலாகக் கொடுத்தால் தண்ணீர்தான் ஆவியாகும். அதனால் சூடு ஏற ஏற ரெகுலேட்டர் வோல்ட்டைக் கொஞ்சம் குறைக்கும்படிதான் பெரும்பாலும் வடிவமைத்திருக்கிறார்கள். காலையில் 14.3 காட்டிய வண்டி கத்திரி வெயிலில் மதியம் 13.6 காட்டினால் அது கோளாறு இல்லை. சிகரெட் லைட்டரில் செருகும் சின்ன மீட்டர் இதிலும் கொஞ்சம் குறைத்தே காட்டும்.

அப்புறம் லோடு. குற்றாலச் சாரலில் இரவு திரும்பி வரும்போது என்னென்ன ஓடுமோ அத்தனையும் போடுங்கள்: ஹெட்லைட், ஏசி, வைப்பர். ஐடிலில் எண் இறங்கினால் லேசாக ஆக்சிலேட்டர் கொடுங்கள். 13.5-ஐ ஒட்டி ஏறி நின்றால் போதும். ஏறாமல் கீச்சென்று சத்தம் வந்தால் பெல்ட்டைப் பாருங்கள்.

பெல்ட் சரியாக இருந்தும் குறைகிறதா? டைனமோவின் பின்புறத் தடித்த வயர் நட்டிலிருந்து பேட்டரி பாசிட்டிவ் வரை லோடோடு அளந்து பாருங்கள். 0.3-க்கு மேல் காட்டினால் டைனமோ தருகிறது, வயர்தான் வழியில் தின்கிறது. முனை வழுக்கி எஞ்சின் உடம்பில் பட்டால் தீப்பொறி பறக்கும், கை நிதானமாக இல்லாதவர்கள் இதை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

ஓடும் எஞ்சினில் பேட்டரி டெர்மினலைக் கழற்றிப் பார்க்கும் பழைய வித்தையை யாரும் செய்ய விடாதீர்கள். அந்த நொடியில் வோல்ட் எகிறி, கம்ப்யூட்டர் யூனிட்டே போகலாம்.

புது வண்டிகள் சிலவற்றில் நெகட்டிவ் டெர்மினலில் ஒரு சின்ன சென்சார் இருக்கும். எரிபொருள் மிச்சத்துக்காக அவை சீராக ஓடும்போது 12.8 வரைகூட இறக்கும், பிரேக் பிடித்தால் 14.8 வரை ஏற்றும். அப்படிப்பட்ட வண்டியில் ஹெட்லைட்டையும் புளோவரையும் போட்டு இரண்டு நிமிடம் பாருங்கள். பெரும்பாலும் 14 பக்கம் வந்துவிடும். அப்போதும் 13-ஐத் தொடவில்லை, டேஷ்போர்டில் சிவப்பு பேட்டரி விளக்கும் எரிகிறது என்றால், எடுத்த அளவுகளைத் தாளில் எழுதி எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள்.